நிலைமொழியும் வருமொழியும்: சமயப் பாட வகுப்பில் ஆசிரியரும் மாணவரும்

'சிக்ஷா' என்னும் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தியாவை வடக்கிலிருந்து தெற்கு நோக்கிக் கடந்து பார்க்கலாம். இந்தியில் அதற்குக் கல்வி என்று பொருள். தில்லியில் உள்ள கல்வி அமைச்சகத்தின் இந்திப் பெயர் 'சிக்ஷா மந்திராலய்'. மராத்தி பேசும் நிலத்துக்குள் நுழைந்ததும் அதே சொல் தண்டனை என்று பொருள்படத் தொடங்குகிறது; கல்வியைக் குறிக்க அங்கே 'சிக்ஷண்' என்ற உடன்பிறப்புச் சொல் தனியே இருக்கிறது. கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றின் பொதுவழக்கிலும் அச்சொல்லுக்குத் தண்டனை என்றே பொருள். இந்தியத் தண்டனைச் சட்டம் மலையாளத்தில் 'இந்தியன் சிக்ஷாநியமம்' என்ற பெயரிலேயே வழங்கியது. தமிழோ இரண்டு பொருளையும் ஒருசேர வைத்துக்கொண்டது. இசைக் கலைஞர் ஒருவர் இன்னாரிடம் சிட்சை பெற்றார் என்றால் அது பயிற்சி. கிறித்தவத் தமிழில் பிள்ளையைச் சிட்சிப்பது என்றால் அது கண்டித்துத் திருத்துவது.

சொற்பிறப்பு இந்தச் சறுக்கலை இன்னும் தெளிவாகக் காட்டும். 'சிக்ஷ்' என்பது 'இயலுதல்' என்று பொருள்படும் 'சக்' என்ற வேரின் விருப்பு வடிவம் என்று வடமொழி இலக்கணம் கொள்கிறது. ஆற்றல் பெற விழைதல் என்பது அதன் உட்பொருள், விழைவு கற்பவருடையது. 'சிஷ்யன்' வேறொரு வேரிலிருந்து வந்த சொல். 'சாஸ்' என்னும் அவ்வேருக்குக் கற்பித்தல், ஆணையிடுதல், ஆளுதல், தண்டித்தல் ஆகிய பொருள்கள் அனைத்தும் உண்டு. சாஸ்திரமும் சாசனமும் அதன் வழிவந்தவையே. ஆகவே சிஷ்யன் என்பவன் கற்பிக்கப்பட வேண்டியவன், ஆளப்பட வேண்டியவனும்கூட. முதற்சொல்லில் மாணவரின் விழைவு இருக்கிறது. இரண்டாம் சொல்லில் ஆசிரியரின் அதிகாரம் இருக்கிறது.

பிற மரபுகள் வேறு பெயர்களைத் தேர்ந்தன. அரபியில் மாணவர் 'தாலிப்', அதாவது தேடுபவர். 'சீக்கியர்' என்னும் பெயருக்கே கற்பவர் என்பது பொருள்; ஒரு சமயமே தன்னை மாணவர் கூட்டமென்று அழைத்துக்கொண்டிருக்கிறது. திபெத்தியப் பௌத்த மடங்களில் நெடுங்காலக் கல்விக்குப்பின் அளிக்கப்படும் 'கெஷே' என்னும் பட்டம், வடமொழியின் 'கல்யாண மித்ர' என்பதற்கு நிகரான திபெத்தியத் தொடரின் சுருக்கம். கற்றுத் தேர்ந்த ஆசான் அங்கே நல்ல நண்பர் என்ற பெயரைப் பெறுகிறார்.

இந்தப் பெயர்கள் நினைவூட்டும் உண்மை ஒன்று உண்டு. சமயப் பாட வகுப்பில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே எத்தகைய உறவு அமைய வேண்டும் என்பது இக்காலக் கல்வியியல் புதிதாகக் கண்டெடுத்த கேள்வி அன்று. அம்மரபுகள் ஒவ்வொன்றும் அக்கேள்வியை நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ளன. விழைவைப் பேணுவதற்கான வழிமுறைகளும் அவற்றுக்குள் இருக்கின்றன, தண்டனையை நியாயப்படுத்தும் வழக்கங்களும் இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது என்பதைத்தான் ஒவ்வொரு வகுப்பும் நாள்தோறும் முடிவு செய்துகொண்டிருக்கிறது.

சமய வகுப்பின் உறவு பிற வகுப்புகளின் உறவைவிடக் கடினமானது என்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, ஆசிரியரின் அதிகாரம் அவருடைய அறிவிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. கணக்கு ஆசிரியர் தவறாகக் கூட்டினால் மாணவி தன் ஏட்டிலேயே அதைச் சரிபார்த்துவிட முடியும். சமய ஆசிரியர் புனித நூலின் சார்பாகப் பேசுகிறார். அவரை மறுப்பது நூலையே மறுப்பதாகப் பிள்ளைக்குத் தோன்றும். இரண்டாவது, அந்த வகுப்புக்குப் பிள்ளை தானாக வருவதில்லை. அரசமைப்பின் 28ஆம் பிரிவு, முழுதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனங்களில் சமயப் போதனையைத் தடைசெய்கிறது. அரசின் ஏற்போ உதவியோ பெற்ற நிறுவனங்களில் இசைவின்றி எவரையும் அதில் பங்கேற்கச் செய்யலாகாது என்கிறது. ஆனால் சிறார்க்கு அந்த இசைவைத் தருபவர் பாதுகாவலரே. ஆகவே இன்னொருவரின் இசைவில் தொடங்கும் உறவை, பிள்ளையின் சொந்த இசைவாக மாற்றும் பொறுப்பு ஆசிரியர்மேல் விழுகிறது.

மூன்றாவது காரணம் மொழி. இந்தியாவின் சமய வகுப்புகளில் பெரும்பகுதி, பிள்ளை வீட்டில் பேசாத ஒரு மொழியில் தொடங்குகிறது. வேத வடமொழி, குர்ஆனின் அரபி, திபெத்திய நூல்மொழி ஆகிய எல்லாவற்றிலும் ஒலி முதலில் வந்துவிடுகிறது. பொருள் சில ஆண்டுகள் கழித்தே வருகிறது. சிலருக்கு அது வராமலும் போகிறது. பொருள் புரியாத ஒலியை ஏழெட்டு வயதுப் பிள்ளை எதன் துணையால் சுமந்து செல்லும்? வீட்டாரின் விருப்பம் ஓரளவுக்குத் துணை வரும். ஆனால் நாள்தோறும் முன்னால் அமர்ந்திருப்பவர் ஆசிரியர். ஒலிக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள நீண்ட இடைவெளியை நிரப்புவது அவர்மேல் பிள்ளை வைக்கும் நம்பிக்கைதான், அல்லது அவரைக் கண்டு கொள்ளும் அச்சம். இரண்டும் மனப்பாடத்தை விளைவிக்கும். ஆனால் அவற்றின் பிற்கால விளைவுகள் வேறு வேறு.

ஒலி முதலில் வருவதாலேயே இவ்வகுப்புகளின் நடுவே இருக்கும் உறுப்பு ஆசிரியரின் காது. 'சிக்ஷா' என்னும் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு என்பதை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்: வேதத்தின் ஆறு அங்கங்களுள் ஒன்றான ஒலியியலின் பெயரும் அதுவே. தைத்திரீய உபநிடதத்தின் முதற்பகுதியான சீக்ஷாவல்லி எழுத்து, சுரம், மாத்திரை, அழுத்தம் முதலியவற்றை எண்ணிக் காட்டிவிட்டுத்தான் மேலே செல்கிறது. வேத பாடசாலைகளின் சந்தை முறையில் ஆசிரியர் ஒருமுறை சொல்ல மாணவர் இருமுறை திருப்பிச் சொல்வர். கேரளத்து நம்பூதிரி மரபில், சுரத்தின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப ஆசிரியர் மாணவனின் தலையைத் தன் கையால் பிடித்து அசைத்துப் பழக்குவார். ஒலி உடலில் பதிந்தபின் கை விலகிவிடும். யுனெஸ்கோ 2003இல் வேதம் ஓதும் மரபை மானுடத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தபோது, அறிவிக்கப்பட்டதில் பெரும்பகுதி இத்தகைய கேட்டலும் திருத்தலுமே ஆகும்.

குர்ஆனை மனனம் செய்யும் ஹிஃப்ழ் வகுப்பிலும் இதையே காணலாம். அன்றைய புதுப்பாடம் 'ஸபக்'. அண்மையில் முடித்த பாடங்களை மீண்டும் ஒப்பிப்பது 'ஸப்கீ'. பழைய பகுதிகளைச் சுழற்சி முறையில் ஒப்பிப்பது 'மன்ஸில்'. மாணவர் ஒருவர்பின் ஒருவராக உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதுகிறார், உஸ்தாத் கேட்கிறார். தொண்டையின் அடியில் பிறக்கும் ஒலியும் அதற்கு மேலே பிறக்கும் ஒலியும் மயங்கும்போது நிறுத்தித் திருத்துகிறார். இத்தனை நெருக்கமாக ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் தனித்தனியே, ஆண்டுக்கணக்கில் கேட்கும் ஆசிரியர் பொதுப் பள்ளிகளில் அரிது. அறுபது பேர் கொண்ட வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளை ஓராண்டு முழுவதும் வாய் திறக்காமலே தேர்ச்சி பெற்றுவிடலாம். ஹிஃப்ழ் வகுப்பில் அது நடவாது.

கேட்டல் என்பது உறவின் முதற்பொருள். பிள்ளையின் குரல் அன்று ஏன் தடுமாறுகிறது என்பதை அந்தக் காது அறியும்: பாடம் படிக்காததால் தடுமாறுகிறதா, இரவு தூங்காததாலா, வீட்டிலிருந்து வந்த செய்தியாலா? பிழையை மட்டும் கேட்பவர் அதைத் திருத்திவிட்டு அடுத்த பிள்ளையை அழைப்பார். பிழைக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையையும் கேட்பவர் ஒரு நொடி நிறுத்துவார். இந்த ஒரு நொடியில்தான் பயிற்சியும் தண்டனையும் பிரிகின்றன. தலையைச் சுரத்துக்கு வளைக்கும் கையும் தலையில் குட்டும் கையும் ஒரே கைதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

அதே சீக்ஷாவல்லி ஆசிரியர் மாணவர் உறவுக்கு ஓர் இலக்கண உவமையைத் தருகிறது. இரண்டு எழுத்துகள் சேரும்போது முன்நிற்பது ஒன்று, பின்வருவது ஒன்று, அவற்றின் சந்தி ஒன்று, சேர்க்கும் செயல் ஒன்று. நிலமும் வானமும், தாயும் தந்தையும் இவ்வாறு அடுக்கப்படும் வரிசையில் ஆசிரியர் முன்நிற்கும் எழுத்தாகவும், மாணவர் பின்வரும் எழுத்தாகவும், கல்வி அவர்களின் சந்தியாகவும், கற்பித்தல் சேர்க்கும் செயலாகவும் சொல்லப்படுகின்றனர். தமிழிலக்கணம் பயின்றவருக்கு இவை நிலைமொழி, வருமொழி, புணர்ச்சி என்று உடனே தோன்றும்.

தோன்றியபின் இன்னொன்றும் நினைவுக்கு வரும். புணர்ச்சியில் மாறுவது வருமொழி மட்டும் அன்று. மரம் என்பதுடன் வேர் சேரும்போது மரவேர் ஆகிறது. தன் ஈற்று மகரத்தை இழப்பது நிலைமொழி. பொன் என்பதுடன் குடம் சேரும்போது பொற்குடம் ஆகிறது. திரிவது நிலைமொழியின் னகரம். முள், தீது என்பவை சேர்ந்து முட்டீது ஆகும்போது இரண்டுமே மாறுகின்றன. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் வகுக்கும் விகாரங்களைப் பார்த்தால், முன்பே நின்றது தன் உருவில் அசையாது நிற்க, புதிதாக வந்தது மட்டும் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. சமய வகுப்புகள் பலவற்றில் இருப்பதோ அந்த விதிதான். மாணவர் திருந்த வேண்டும், ஆசிரியர் நிலைத்து நிற்க வேண்டும் என்பது பேசப்படாத ஒப்பந்தமாகிவிட்டது.

பழைய ஏற்பாடுகள் அவ்வாறு இல்லை. பாலி விநயபிடகத்தின் மகாவக்கம் உபாத்தியாயருக்கும் உடனுறையும் மாணவருக்கும் உரிய கடமைகளை விரிவாகப் பட்டியலிடுகிறது. ஆசான் மாணவரை மகனாகக் கருத வேண்டும், மாணவர் ஆசானைத் தந்தையாகக் கருத வேண்டும் என்று தொடங்கி, முகம் கழுவ நீர் வைப்பது, அறையைத் துப்புரவு செய்வது எனப் பணிவிடைகள் நீள்கின்றன. இதுவரை வியப்பில்லை. வியப்பு பின்னர் வருகிறது. ஆசான் பேசும்போது குறுக்கிடலாகாது. ஆனால் அவர் பேச்சு குற்றத்தின் எல்லையை நெருங்குமானால் மாணவர் அவரைத் தடுக்க வேண்டும். ஆசானின் மனம் சோர்ந்தால் மாணவர் தேற்ற வேண்டும். ஆசானுக்குத் தவறான கொள்கை தோன்றினால் உரையாடி விலக்க வேண்டும். மாணவர் நோயுற்றால் அதே பணிவிடைகள் அனைத்தையும் ஆசான் மாணவருக்குச் செய்ய வேண்டும். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் நாளந்தாவில் தங்கிக் கற்ற சீனத் துறவி யிஜிங், மாணவர் நோயுற்றால் ஆசிரியரே மருந்து தேடித் தந்து சொந்தப் பிள்ளையைப்போல் பேணுவார் என்று தம் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். விதி சில நூற்றாண்டுகள் கழித்தும் நடைமுறையில் இருந்ததற்கு அது சான்று.

நோய் பற்றிய இந்த விதி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இன்று இந்தியாவின் உறைவிடச் சமயக் கல்வி நிலையங்களில் இருக்கும் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால் அதன் எடை தெரியும். பீகாரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் கடந்து மத்ரஸாவில் சேர்ந்த சிறுவன், லடாக்கிலிருந்து கர்நாடகத்து மடத்துக்கு வந்த சிறுவன், சிற்றூரிலிருந்து நகரத்து வேத பாடசாலைக்கு வந்த சிறுவன் ஆகிய அனைவருக்கும் காய்ச்சல் வரும் இரவு ஒன்று உண்டு. அந்த இரவில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் யார் என்பதில் உறவு முடிவாகிவிடும். மறுநாள் அவர் சொல்லும் பாடம் வேறு விதமாகக் கேட்கும்.

ஆசிரியர் மாறுவதற்கு மிகத் துணிவான எடுத்துக்காட்டு சீக்கிய மரபில் இருக்கிறது. 1699இல் ஆனந்த்பூரில் குரு கோபிந்த் சிங் ஐவருக்குத் தீட்சை அளித்துக் கால்சாவை நிறுவினார். பின்னர் அந்த ஐவரின் முன் தாமே நின்று அவர்களிடம் தீட்சை கேட்டுப் பெற்றார். குருவும் சீடரும் இடம் மாறிய நாள் அது. 1708இல் மனித குருக்களின் வரிசை முடிந்து கிரந்தமே குருவானபின், குருத்வாராவில் குர்முகி எழுத்துக் கற்பிப்பவர் எத்துணைப் புலமை உடையவராயினும் குரு ஆகார். அவரும் பிள்ளைகளும் ஒரே நூலின் முன் அமர்ந்திருக்கும் மாணவர்களே. இந்த எண்ணம் வகுப்பறைக்குள் உண்மையாக நுழையுமானால், எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம் என்று ஆசிரியர் சொல்வதில் இழிவு ஏதும் இருக்காது.

அந்தச் சொற்கள் தேவைப்படும் தருணம் எல்லாச் சமய வகுப்புகளிலும் வருகிறது. பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வருகிறது. அதுவரை ஒப்பித்துவந்த பிள்ளை ஒருநாள் கேட்கிறது: நல்லவர்களுக்கு ஏன் துன்பம் வருகிறது? பக்கத்து வீட்டுத் தோழியின் கடவுள் பொய்யா? இதில் பெண்களுக்கு ஏன் இடமில்லை? கேள்வி கேட்கும் பிள்ளை சமயத்தை விட்டு விலகுவதாக ஆசிரியர் அஞ்சுவது இயல்பு. உண்மையில், அதுவரை ஒலியாக இருந்ததைப் பொருளாக எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது. விரும்பாத நூலைப்பற்றி எவரும் இத்தனை வலியோடு கேட்பதில்லை. அப்போது வாயடைக்கப்பட்டால் கேள்வி மறைந்துவிடாது. அது ஆசிரியரின் காதுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். பிள்ளை ஒப்பிப்பதைத் தொடரும். ஆசிரியருக்கு மாற்றம் எதுவும் தெரியாது.

கேள்விக்கு முறையான இடம் ஒதுக்கிய வகுப்பு எப்படியிருக்கும் என்பதைக் காணக் கர்நாடகத்துக்குச் செல்லலாம். 1959க்குப் பிறகு ஏதிலிகளாக வந்த திபெத்தியத் துறவிகள் தங்கள் பெருமடங்களான செராவை மைசூரு மாவட்டத்துப் பைலகுப்பேயிலும், திரேபுங், கான்தென் ஆகியவற்றை உத்தர கன்னடத்து முண்ட்கோட்டிலும் மீண்டும் நிறுவினர். அங்குள்ள முற்றங்களில் நடக்கும் தர்க்கப் பயிற்சியில் கேள்வி கேட்பவர் நிற்கிறார். விடை சொல்பவர் அமர்ந்திருக்கிறார். ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் நிற்பவர் கைகளை ஓங்கித் தட்டுகிறார். அமர்ந்திருப்பவருக்கு உரிய விடைகள் எண்ணப்பட்டவை: ஏற்கிறேன், ஏன், காரணம் நிறுவப்படவில்லை, காரணத்திலிருந்து முடிவு பெறப்படவில்லை. நீ யார் கேட்பதற்கு என்ற விடை அந்தப் பட்டியலில் இல்லை. தொடக்க நிலைப் பிள்ளைகள் பழகுவது நிறங்களைப் பற்றிய தர்க்கம்: நிறம் என்றாலே சிவப்பா, வெள்ளைச் சங்கின் நிறம் எது என்பன போன்றவை. அடிப்படைக் கொள்கைகளில் கைவைக்கும் முன், மறுப்பதற்கும் மறுக்கப்படுவதற்கும் புண்படாமல் இருக்கப் பழக்கும் ஏற்பாடு இது. வினாவுக்கு விதிமுறை இருக்கும்போது வினவுவது மரியாதைக் குறைவாகத் தோன்றுவதில்லை.

ஹிஃப்ழ் பயிலும் பிள்ளைகள் தொடக்கத்திலேயே பெரும்பாலும் மனனம் செய்யும் முப்பதாம் பாகத்தில் 'அபஸ' என்னும் எண்பதாம் அத்தியாயம் இருக்கிறது. உரையாளர்கள் பலரும் கூறும் பின்னணி இது: நபிகள் நாயகம் குறைஷித் தலைவர்களுடன் உரையாடிக்கொண்டிருந்தபோது, பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் தமக்குக் கற்பிக்குமாறு கேட்டு வந்தார், குறுக்கீட்டால் நபிகள் முகம் சுளித்தார், கற்க வந்தவரைப் புறக்கணித்தது பற்றி அவ்வத்தியாயம் கடிந்து பேசியது. கற்க விழைந்து வந்தவரின் பக்கம் நின்று புனித நூலே பேசும் இடம் அது. அதை ஓதக் கற்பிக்கும் உஸ்தாத், பின்னாளில் பொருளையும் எடுத்துச் சொல்லும்போது, தம் வகுப்பில் திக்கித் திணறும் பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது.

இவையெல்லாம் நாள் முழுதும் உடனுறையும் கல்விக்குப் பொருந்தும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கும் ஆசிரியர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. கேரளத்துச் சீரோ மலபார் திருச்சபையின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகள் பன்னிரண்டாம் வகுப்புவரை நீள்கின்றன. கற்பிப்பவர்களில் பலர் ஊதியம் பெறாத பொதுநிலையினர். வாரநாள்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். அதே கேரளத்தில் மத்ரஸாக்கள் பெரும்பாலும் பள்ளி தொடங்குமுன் அதிகாலையில் நடந்து முடிந்துவிடுகின்றன. நேரம் குறைவாக உள்ள இவ்விடங்களில் உறவைத் தாங்குவன மிக எளிய செயல்கள்: பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பது, சென்ற வாரம் வராததைக் குற்றமாக அல்லாமல் அக்கறையாகக் கேட்பது, அன்று கேட்ட கேள்வியை அடுத்த வாரம் நினைவில் வைத்திருந்து விடையுடன் வருவது. ஊரிலேயே வாழும் ஆசிரியர் என்பதால் பிள்ளை அவரைக் கடைத்தெருவிலும் பேருந்திலும் காண்கிறது. அவர் வகுப்பில் சொல்லும் பொறுமையும் நேர்மையும் கடைக்காரருடன் கணக்குப் பார்க்கும்போது இருக்கின்றனவா என்பதைப் பிள்ளையின் கண் குறித்துக்கொள்கிறது. ஒரு மணி நேரப் பாடத்தின் உரை ஆறு நாள்களிலும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

அங்கே மொழியும் ஒரு துணை. கேரளத்து மத்ரஸாக்களில் நெடுங்காலமாகப் பாடநூல்கள் அரபி மலையாளத்தில், அதாவது அரபி எழுத்தில் எழுதப்பட்ட மலையாளத்தில் இருந்து வந்திருக்கின்றன. புதிய எழுத்தைக் கற்கும் பிள்ளைக்கு அந்த எழுத்துக்குள்ளேயே தாய்மொழி காத்திருக்கிறது. தாய்மொழியில் கேட்ட கேள்விக்குத் தாய்மொழியிலேயே விடை கிடைக்கும் வகுப்பில் ஆசிரியர் பிள்ளையின் பக்கத்தில் வந்து அமர்ந்துவிடுகிறார்.

புணர்ச்சியைப் பேசும்போது, வருமொழியாக வரவே அனுமதிக்கப்படாதவர்களை மறந்துவிட்டுப் பேச இயலாது. சாந்தோக்கிய உபநிடதத்தில் தன் குலம் எதுவென்று தாய்க்கே தெரியாது என்ற உண்மையை மறைக்காமல் சொன்ன சத்தியகாமனைக் கௌதமர் ஏற்றுக்கொள்கிறார். மகாபாரதத்தில் ஏகலைவன் மறுக்கப்படுவதோடு, கற்றதற்கு விலையாகக் கட்டைவிரலையும் இழக்கிறான். இரண்டு கதைகளும் ஒரே நாட்டில் கேட்கப்படுகின்றன. நடைமுறையில் நீண்டகாலம் வென்றது இரண்டாவது. வேத பாடசாலைகளின் கதவு இன்றும் பெரும்பாலும் ஒரு சாதியின் ஆண்பிள்ளைகளுக்கே திறந்திருக்கிறது. திபெத்திய மரபில் பிக்குணிகள் கெஷே பட்டத்துக்கு நிகரான 'கெஷேமா'வை முதன்முதலாகக் குழுவாகப் பெற்றது 2016இல்தான். அன்று பெற்றவர்கள் 20 பேர். பல நூற்றாண்டுக் கல்வி மரபு ஒன்றின் பாதி மாணவர் வாசலில் நின்றிருந்தனர் என்பதை அந்த எண் சொல்கிறது. வகுப்பறைக்குள் எத்துணைக் கனிவு இருந்தாலும் வாசலில் நடக்கும் மறுப்பு அந்தக் கனிவின் அளவைக் காட்டிவிடும்.

இனிச் சட்டம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளுக்கு உடல்சார்ந்த தண்டனை தருவதையும் மன உளைச்சல் விளைவிப்பதையும் தடைசெய்கிறது. 2012இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது முதற்பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்ந்தது: மத்ரஸாக்களுக்கும், வேத பாடசாலைகளுக்கும், முதன்மையாகச் சமயப் போதனை அளிக்கும் நிறுவனங்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது. சமயங்களின் தன்னுரிமையைக் காக்க வந்த விலக்கு அது; அந்நோக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அதன் விளைவாக, பிரம்பைத் தடுக்கும் அந்தக் குறிப்பிட்ட பிரிவும் அவ்வாசலில் நின்றுவிடுகிறது. பிற சட்டங்கள் உள்ளே செல்கின்றன. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், கல்வி அல்லது சமய நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் அங்குள்ள பிள்ளைமேல் இழைக்கும் பாலியல் வன்முறையைக் கடுமை மிகுந்த குற்றமாகக் கொள்கிறது. ஆயினும் இவை பெரும்பாலும் தீங்கு நிகழ்ந்தபின் வருபவை. பிள்ளையோ பெற்றோரோ வாய் திறந்தபின் வருபவை.

வாய் திறப்பதுதான் இங்கே கடினம். குருவைப் பழித்தால் பாவம் என்று கற்பிக்கப்பட்ட பிள்ளை, தனக்கு நேர்ந்ததைச் சொல்வதையும் பழித்தலாகவே எண்ணும். பெற்றோர் சிலரே உடலைத் தண்டித்தாவது பாடத்தை ஏற்றுமாறு சொல்லி விட்டுச்செல்வதுண்டு. எனவே நல்லுறவு என்பதை ஆசிரியரின் தனிப்பட்ட இனிமை என்று மட்டும் புரிந்துகொள்வது போதாது, ஆபத்தும்கூட. அன்பாகப் பேசும் ஆசிரியரும் கேள்விக்கு அப்பாற்பட்டவராக இருக்கக்கூடும். உறவைக் காக்க உறவுக்கு வெளியே சில ஏற்பாடுகள் வேண்டும்: பிள்ளை அஞ்சாமல் பேசக்கூடிய இன்னொரு பெரியவர், எப்போது வேண்டுமானாலும் பெற்றோர் வந்து பார்க்கத் திறந்த கதவு, பிரம்பு இல்லை என்று நிறுவனமே எழுதி ஒட்டிய விதி. ஆசான் தவறும்போது தடுக்குமாறு மாணவருக்கே கட்டளையிட்ட விநய மரபின் வழியில் பார்த்தால், இவை சமயத்துக்கு அயலானவை என்று எவரும் சொல்ல முடியாது.

அந்த விநய மரபில் இன்னும் ஓர் ஏற்பாடு உண்டு. ஆசானைச் சார்ந்து வாழும் நிலைக்கு 'நிஸ்ஸயம்' என்று பெயர். தகுதி பெற்ற துறவிக்கு அது ஐந்து ஆண்டுகள். அதன்பின் அவர் தனித்து நிற்கலாம். தகுதி பெறாதவரே வாழ்நாள் முழுதும் சார்ந்திருக்க வேண்டும். அதாவது நீங்காத சார்பு அங்கே பக்தியின் வெற்றியாகக் கருதப்படவில்லை. கல்வி இன்னும் முடியவில்லை என்பதன் அடையாளமாகவே கருதப்பட்டது. சீக்ஷாவல்லியிலும் கற்று முடித்துப் புறப்படும் மாணவரிடம் ஆசான் பேசுகிறார். உண்மை பேசு, அறம் செய், தாய் தந்தையரைப் போற்று என்று பலவும் சொல்லிவிட்டுத் தம்மைப் பற்றியும் ஒன்று சொல்கிறார்: எங்கள் செயல்களில் நல்லவை எவையோ அவற்றை மட்டும் பின்பற்று, மற்றவற்றைப் பின்பற்றாதே.

தம்மிடமும் பின்பற்றத் தகாதவை உண்டு என்பதை அவர் மாணவரின் முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்கிறார். எவை தக்கவை, எவை தகாதவை எனப் பிரித்தறியும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைக்கிறார். இன்று ஒரு சமய வகுப்பு நன்றாக நடக்கிறதா என்று அறிய விரும்புவோர் மனப்பாடத்தின் அளவைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்கலாம்: அங்கே படிக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் ஆசிரியரிடம், நீங்கள் செய்தது சரியில்லை என்று சொல்ல முடியுமா? சொல்லிவிட்டு மறுநாளும் அதே இடத்தில் வந்து அமர முடியுமா?